கேட்காமல் விட்ட கேள்விகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேசியவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இணையப்பக்க வடிவமைப்புத் துறையில் பணிபுரிபவர்.)



‘கண்ணுக்குத் தெரியாத வேலைகள்’ என்பது இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிப் பராமரிப்பைப் பற்றி அருமையாகச் சொன்னார். மின்தூக்கி ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, நின்றால்தான் நினைக்கிறோம் என்றார். நான் பேச வந்த வேலையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

பெருவிரைவு ரயிலில் போகும்போது பக்கத்தில் இருப்பவரின் கைத்தொலைபேசியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கக் கூடாது; ஆனாலும் பார்ப்போம். அவர் விரலால் பக்கத்தை மேலே தள்ளுகிறார். சில பக்கங்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போகின்றன. சில பக்கங்கள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, திடீரென்று ஒரு குதி குதிக்கின்றன. உடனே அவர், “லைன் சரியில்லை” என்று சலித்துக்கொள்கிறார். பல சமயங்களில் லைன்மீது குற்றமே இருக்காது. பக்கம் முழுவதும் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். தாமதம் அவர் கையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அந்த ஒன்று எனக்கு ஒரு பாடமும் கற்பித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இணையப்பக்கம் ஒன்றைத் திறக்கும்போது உலாவிக்கு முக்கியமாக இரண்டு தாள்கள் வந்து சேர்கின்றன. ஒன்றில் உள்ளடக்கம் இருக்கும்: தலைப்பு, பத்தி, படம், பொத்தான். மற்றொன்று ஒப்பனைத்தாள். சி.எஸ்.எஸ். என்று நாங்கள் சொல்வது அதைத்தான். தலைப்பு சிவப்பாக இருக்கட்டும், விலை தடித்த எழுத்தில் இருக்கட்டும் என்று அதில் விதி விதியாக எழுதியிருப்போம். 1994 அக்டோபரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஹோகோன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் இந்த யோசனையை முன்வைத்தார். பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் அது முறையான தரமாக வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் எழுத்தின் நிறத்தையும் அளவையும் பக்கத்துக்குள்ளேயே, ஒவ்வோர் இடத்திலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. நிறத்தை மாற்ற நினைத்தால் நூறு இடங்களில் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு விதியிலும் இரண்டு பாகங்கள் உண்டு. யாருக்கு என்பது ஒன்று, என்ன என்பது மற்றொன்று. யாருக்கு என்று சொல்லும் பாகத்தை ஆங்கிலத்தில் செலக்டர் என்பார்கள். நாம் தேர்வி என்று வைத்துக்கொள்வோம். ‘பட்டியலுக்குள் இருக்கும் பொருளுக்குள் இருக்கும் விலை’ என்பது ஒரு தேர்வி. பக்கத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் எந்தெந்த விதிகள் பொருந்துகின்றன, இரண்டு விதிகள் மோதிக்கொண்டால் எது வெல்லும் என்று தீர்மானிப்பது உலாவியின் பொறுப்பு.

கணக்கைப் பாருங்கள். ஓரளவு பெரிய கடையின் பக்கத்தில் 4,000 உறுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பனைத்தாளில் 3,000 விதிகள். ‘இந்த விதி இந்த உறுப்புக்குப் பொருந்துமா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் 12 மில்லியன் கேள்விகள். நம் திரைகள் சாதாரணமாக விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியென்றால் ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் ஒப்பனையைத் தீர்மானிப்பதோடு, எது எந்த இடத்தில் நிற்பது என்று அளந்து, வர்ணம் பூசி முடிக்கவும் வேண்டும். 12 மில்லியன் கேள்விகளுக்கு அங்கே இடம் ஏது?

உலாவியைக் கட்டியவர்கள் கேள்விகளுக்கு வேகமாகப் பதில் சொல்லும் வழியை மட்டும் தேடவில்லை. பெரும்பாலான கேள்விகளைக் கேட்காமலே விடுவது எப்படி என்று தேடினார்கள். நான் இன்று சொல்லப்போகும் உத்திகள் பெரும்பாலும் அந்த ஒரே எண்ணத்தின் பிள்ளைகள்தாம்.

முதல் உத்தி, தேர்வியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பது. நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம். உலாவி அதை வலமிருந்து இடமாகப் படிக்கிறது. ஏன்? ஒரு திருமண மண்டபத்தில் 400 பேர் இருக்கிறார்கள். ‘பெருமாள் தாத்தா வழியில், கோவிந்தன் பிள்ளைகளில், கண்ணாடி அணிந்தவர்களுக்கு மஞ்சள் பூ கொடுக்கவும்’ என்று உங்களிடம் ஒரு விதி இருக்கிறது. இடமிருந்து தொடங்கினால் முதலில் பெருமாளைத் தேடிப் பிடித்து, அவருடைய வாரிசுகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி, அதில் கோவிந்தன் என்று பெயருள்ளவர்களைத் தேடி... சாப்பாட்டுப் பந்தியே முடிந்துவிடும். வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் முகத்தைப் பார்த்தால் போதும். கண்ணாடி இல்லையா, போய்க்கொண்டே இருக்கலாம். கண்ணாடி இருந்தால் மட்டும், “தம்பி, அப்பா பெயர் என்ன?” என்று கேட்க வேண்டும். நம் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர் வருகிறதே, அதுபோல ஒவ்வோர் உறுப்புக்கும் தன் தகப்பன் யார் என்பது தெரியும். தகப்பன் ஒருவர்தான். பிள்ளைகளோ எத்தனை பேராகவும் இருக்கலாம். கீழிருந்து மேலே போவது ஒற்றையடிப் பாதை. மேலிருந்து கீழே வருவது கிளை விரிந்த காடு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பக்கம் இணையம் வழியாகத் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடலாம். ஓர் உறுப்பு வந்து சேரும்போது அதன் தகப்பனும் பாட்டனும் ஏற்கெனவே வந்திருப்பார்கள். பின்னால் வரப்போகும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒருசில தேர்விகள் இதற்கு விதிவிலக்கு. இந்த ‘மேலிருந்து கீழே’ என்ற ஒழுங்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே ஒரு சோதனை வந்தது.

இரண்டாவது உத்தி, விதிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைப்பது. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கடிதப் பெட்டிகளைப் பாருங்கள். தபால்காரர் கையில் இருக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் எல்லா வீட்டாரிடமும் காட்டி, “உங்களுடையதா?” என்று கேட்பதில்லை. அதுபோல உலாவி ஒப்பனைத்தாளைப் படித்தவுடனேயே, ஒவ்வொரு விதியின் வலது ஓரச் சொல்லைப் பார்த்து அந்தப் பெயருள்ள பெட்டியில் போட்டுவிடுகிறது. அடையாளப் பெயரில் முடிகிறதா, ஒரு பெட்டி. வகுப்புப் பெயரில் முடிகிறதா, வேறொரு பெட்டி. பத்தி, இணைப்பு போன்ற குறியின் பெயரில் முடிகிறதா, அதற்கென்று தனியாக ஒன்று. எதிலும் சேராத, ‘எல்லாருக்கும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியில் முடியும் விதிகள் ஓர் உதிரிப் பெட்டிக்குப் போகும். ‘விலை’ என்ற வகுப்பைச் சேர்ந்த உறுப்பு வந்தால், ‘விலை’ பெட்டியையும் அதன் குறிக்கு உரிய பெட்டியையும் உதிரிப் பெட்டியையும் திறந்தால் போதும். மற்ற பெட்டிகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான விதிகளை அது தொடுவதே இல்லை. உதிரிப் பெட்டியை மட்டும் எந்த உறுப்பும் தப்ப முடியாது. அந்தப் பெட்டியால்தான் பிறகு நான் அகப்பட்டுக்கொண்டேன்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் மொசில்லாவில் வேலை செய்துகொண்டிருந்த டேவிட் ஹையட் இந்தப் பெட்டி முறையை விளக்கி ஒரு குறிப்பு எழுதினார். பிறகு அவர் ஆப்பிளுக்குப் போய் சஃபாரி உலாவியில் பணியாற்றினார். அவர் அந்தக் குறிப்பை எழுதியது மொசில்லா உலாவியின் சொந்த முகப்பை, அதாவது அதன் பொத்தான்களையும் பட்டிகளையும் வடிவமைத்தவர்களுக்காக. ‘தேர்வியை நீளமாக எழுதாதீர்கள், பாட்டன் முப்பாட்டன் வரை போகாதீர்கள்’ என்பது அதில் இருந்த அறிவுரைகளில் ஒன்று. அந்த நாளைய கணினிக்கு அது சரியான அறிவுரை. ஆனால் அது கைமாறிக் கைமாறி, இணையப்பக்கம் எழுதும் எல்லாருக்கும் உரிய சட்டமாகிவிட்டது. என்னைப் போன்றவர்கள் அதை மனப்பாடம் செய்தோம்.

மூன்றாவது உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்காகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிகளைப் பிரித்த பிறகும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. கண்ணாடி அணிந்தவர் வந்துவிட்டார். அவருடைய பரம்பரையில் பெருமாள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று உச்சி வரை ஏறிப் போய், கடைசியில் ‘இல்லை’ என்று தெரிந்தால் ஏறியது வீண். இப்படி ‘இல்லை’ என்று முடியும் பயணங்கள்தாம் அதிகம். இதைத் தவிர்க்க உலாவிப் பொறியாளர்கள் 1970ஆம் ஆண்டுச் சரக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

பர்ட்டன் புளூம் என்பவர் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், வரியின் கடைசியில் ஆங்கிலச் சொல்லை எந்த இடத்தில் உடைப்பது என்பது. பத்தில் ஒன்பது சொற்களை எளிய விதிகளாலேயே உடைத்துவிடலாம். மிச்சமுள்ள ஒரு பங்கு முரட்டுச் சொற்களுக்குத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். அன்றைக்கு அகராதி வட்டில் இருந்தது. வட்டைத் தொட்டாலே தாமதம். எந்தச் சொல் முரடு என்பதைச் சின்ன நினைவகத்தில் எப்படி வைத்துக்கொள்வது? முழுச் சொற்களையும் வைக்காமல் அவற்றின் அடையாளப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் புளூம். எப்போதாவது ஒரு நல்ல சொல்லை முரடு என்று தவறாக நினைத்துவிட்டால் என்ன நட்டம்? ஒரு தடவை வீணாக அகராதியைத் திறப்போம், அவ்வளவுதான். முரட்டுச் சொல்லை மட்டும் ஒருபோதும் நல்லது என்று விட்டுவிடாது. ஒரு பக்கம் மட்டுமே தவறக்கூடிய காவல்காரன்!

உலாவிக்குள் இது எப்படி வேலை செய்கிறது? 4,096 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்கிட்டிலும் கெக்கோவிலும் இந்த அளவுதான் வைத்தார்கள். உலாவி மரத்தில் மேலிருந்து கீழே இறங்கும்போது, கடந்து வரும் ஒவ்வொரு மூதாதையின் பெயருக்கும் இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு புள்ளி வைக்கிறது. அந்தக் கிளையை முடித்துவிட்டு மேலே ஏறும்போது அந்தப் புள்ளிகளை அழித்துவிடுகிறது. ‘பெருமாள் வழியில்’ என்று ஒரு விதி வந்தால், பெருமாளுக்கு உரிய கட்டங்களைப் பார்க்கிறது. அதில் ஒன்று காலியாக இருந்தாலும், பரம்பரையில் பெருமாள் என்று யாருமே இல்லை என்பது நிச்சயம். விதியை அங்கேயே தள்ளிவிடலாம். ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. இரண்டிலும் புள்ளி இருந்தால், ‘இருக்கலாம்’ என்று பொருள். அப்போது மட்டும் ஏறிப் பார்க்கிறது. வெப்கிட்டில் இது 2011ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. மற்ற உலாவிகளிலும் இதே முறை இடம்பிடித்தது. இந்த ஒரு மாற்றத்தால், நீளமான தேர்வி என்றால் பயப்பட வேண்டும் என்ற நிலை பெருமளவு மாறிப்போனது.

நான்காவது உத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் தீபாவளிக்கு ஒரே துணிக்கட்டிலிருந்து வெட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டை தைப்பார்கள். அண்ணனுக்கு அளவெடுத்தால் போதும், தம்பிக்குத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. உலாவியும் அப்படித்தான். பட்டியலில் ஒரே மாதிரி 50 வரிகள் இருந்தால், முதல் வரிக்குக் கணித்த ஒப்பனையை அடுத்த வரிக்கும் அப்படியே போட்டுவிடப் பார்க்கிறது. தகப்பன் ஒன்றா, வகுப்புப் பெயர்கள் ஒன்றா என்று சில சோதனைகள் செய்துவிட்டு, எல்லாம் சரியென்றால் மறுகணக்கே இல்லை. விதிகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு ஏறக்குறைய பாதி நேரமும், பொருந்தியவற்றிலிருந்து கடைசி மதிப்புகளைத் திரட்டுவதற்கு மறுபாதி நேரமும் போகிறது என்று பிளிங்க் எந்திரத்தின் பொறியாளர் ஒருவர் ஒருமுறை கணக்குச் சொன்னார். கூட்டுச் சட்டை தைக்கும் இந்த முறை அந்த இரண்டு பாதியையும் ஒரேயடியாக மிச்சப்படுத்துகிறது.

இப்போது நிலைமை எப்படி மாறியது என்று பாருங்கள். 2000இல் ஹையட்டின் குறிப்பு. 2009இல் ஸ்டீவ் சவுடர்ஸ் இணையப்பக்க வேகத்தைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில் தேர்விகளை எளிமையாக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. 2011இல் வெப்கிட் பொறியாளர் ஆன்ட்டி கொய்விஸ்டோ கிட்டத்தட்ட நேர்மாறாகச் சொல்லிவிட்டார்: தேர்விகளைச் செப்பனிடுவது உலாவியின் வேலை, பக்கம் எழுதுகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று. 2014இல் வெப்கிட் இன்னும் ஒரு படி மேலே போய், தேர்விகளை நேரடியாக எந்திர மொழிக்கே மொழிபெயர்த்து ஓட்டத் தொடங்கியது. முழுநேரத் தொழிலாக இதைச் செய்கிறவன் நான். இந்த மாற்றம் எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓரளவு தெரியவும் செய்தது. ஆனால் மனப்பாடம் செய்த பாடம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

சில ஆண்டுகளுக்கு முன் துணிக்கடை ஒன்றின் இணையப்பக்கத்தை எங்கள் குழு செய்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. புதிய கைத்தொலைபேசிகளில் பக்கம் நன்றாக ஓடியது. கடைக்காரரின் தாயார் வைத்திருந்த பழைய கைத்தொலைபேசியில் மட்டும், விரலை வைத்தவுடன் பக்கம் உறைந்து நின்றது; பிறகு குதித்தது. “எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் என் அம்மாவைப் போன்றவர்கள்தாம்” என்று அவர் சொன்னார். பழைய கைத்தொலைபேசியை மாற்றச் சொல்லுங்கள் என்று நாம் யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கள் குழுவில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த இளம்பெண் ஒருவர் இருந்தார். ஒப்பனைத்தாளில் பாதி அவர் எழுதியது. திறந்து பார்த்தேன். ஐந்து சொல், ஆறு சொல் நீளத்துக்குத் தேர்விகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இது என்ன, தேர்வியா, வம்ச வரலாறா?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் இரண்டு வாரம், இருந்த வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, அத்தனை தேர்விகளையும் ஒற்றைச் சொல்லாக மாற்றி எழுத வைத்தேன். முடிந்ததும் அந்தத் தாயாரின் கைத்தொலைபேசியை வாங்கிச் சோதித்தோம். விரலை வைத்தேன். உறைந்தது. குதித்தது. ஒரு மாற்றமும் இல்லை.

அன்று மாலை அந்தப் பெண்தான் கைத்தொலைபேசியைக் கம்பி வழியாகத் தம் கணினியில் இணைத்தார். உலாவிக்குள்ளேயே வேலைநேரத்தைப் பதிவு செய்து காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. முதல் நாளே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. பதிவில், விரல் நகரத் தொடங்கிய இடத்தில் ஊதா நிறத்தில் நீளமாக ஒரு பட்டை. விரல் நின்ற இடத்தில் இன்னொன்று. அந்தக் கருவியில் ஊதா என்றால் ஒப்பனையையும் இட அளவையும் திரும்பக் கணக்கிடுகிறது என்று பொருள். பக்கம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. யாருக்கு எது என்பதெல்லாம் ஒருமுறை தீர்மானமாகிவிட்டது. பிறகு ஏன் விரல் வைக்கும்போதெல்லாம் எல்லாருக்கும் மறுகணக்கு?

இந்த இடத்தை நான் விளக்க வேண்டும். முதல் தடவை கணக்கிடுவது மட்டும் உலாவியின் வேலை அல்ல. பக்கத்தில் ஏதாவது மாறினால், அதனால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்றும் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக அது முன்கூட்டியே குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. ‘தள்ளுபடி’ என்ற வகுப்புப் பெயர் ஓர் உறுப்பில் ஏறினால், அதற்குள் இருக்கும் ‘விலை’ உறுப்புகளை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும் என்பது போன்ற குறிப்பு. விதி எவ்வளவு குறிப்பாக ஓர் ஆளைச் சுட்டுகிறதோ அந்த அளவுக்கு மறுகணக்கு சிறியது. ஆனால் ‘இந்தப் பெயர் ஏறினால் உள்ளே இருக்கும் எல்லாரும்’ என்று நட்சத்திரக் குறியில் முடியும் விதி ஒன்று இருந்தால்? உலாவிக்கு வேறு வழியில்லை. உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் எழுப்பி, மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டியதுதான்.

அப்படி ஒரு விதி எங்கள் ஒப்பனைத்தாளின் அடிவாரத்தில் இருந்தது. பக்கம் நகரத் தொடங்கினால் பக்கத்தின் உச்சியில் ஒரு வகுப்புப் பெயரைப் போடு, நின்றால் எடு, அந்தப் பெயர் இருக்கும்வரை உள்ளே இருக்கும் எல்லா உறுப்புகளும் சுட்டெலியைக் கண்டுகொள்ள வேண்டாம். 2010களின் தொடக்கத்தில் எங்கள் தொழிலில் பரவலாகப் பேசப்பட்ட உத்தி அது. சுட்டெலி வைத்த கணினியில் அது பக்கத்தைச் சீராக நகர்த்த உதவியது. கைத்தொலைபேசியில் சுட்டெலியே கிடையாது! இல்லாத எலிக்காக, ஒவ்வொரு தடவை விரல் வைக்கும்போதும் சில ஆயிரம் உறுப்புகளுக்கு மறுகணக்கு.

“அண்ணா, இந்த வரி யார் எழுதியது?” என்று அவர் மெதுவாகக் கேட்டார். யார், எப்போது எழுதினார்கள் என்ற பதிவு எங்களிடம் உண்டு. அதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அதில் என் பெயர் இருந்தது. பழைய வேலை ஒன்றிலிருந்து நானே எடுத்து ஒட்டிய வரி.

அந்த வரியை நீக்கினோம். பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றிய தேர்விகளால் ஆன லாபம் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. அவருடைய நீளமான தேர்விகளைப் புளூமின் காவல்காரன் வாசலிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான தேர்வியைப் படித்துப் புரிந்துகொள்வது மனிதருக்குச் சிரமம் என்பது வேறு விஷயம். அதை நான் இன்றும் சொல்வேன். ஆனால் நான் குற்றம் சாட்டியது வேகத்துக்காக.

நான் அவரைக் கேலி செய்தது எல்லாருக்கும் முன்னால். மன்னிப்புக் கேட்டது காப்பிக்கடையில், தனியாக. அது நேர்மையான கணக்கு அல்ல என்று அன்றே எனக்குத் தெரியும். அதனால்தான் இன்று இதைத் தொலைக்காட்சியில் சொல்கிறேன்.

இனி மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை உத்திகளுக்கும் பிறகு உலாவிகள் செய்த பெரிய காரியம், வேலையைப் பங்கு போட்டது. இன்றைய கைத்தொலைபேசிக்குள் ஒரு மூளை இல்லை. நான்கு, எட்டு என்று இருக்கின்றன. ஒப்பனை மேலிருந்து கீழேதான் இறங்குகிறது என்று முன்னே சொன்னேன் அல்லவா? அண்ணன் குடும்பத்தின் கணக்குக்குத் தம்பி குடும்பத்தின் விடை தேவையில்லை. ஆகவே ஆளுக்கு ஒரு கிளையைக் கொடுத்துவிடலாம். தன் கிளையை முடித்தவன் சும்மா இராமல், பக்கத்தில் இருப்பவனின் சுமையில் கொஞ்சம் எடுத்துக்கொள்வான். சொல்வதற்கு எளிது. ஒரே தாளில் பலர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சி பிளஸ் பிளஸ் மொழியில் மொசில்லா இதை முயன்று கைவிட்டதுண்டு. பிறகு ரஸ்ட் என்ற மொழியில் ஸ்டைலோ என்ற பெயரில் எழுதி, 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57ஆம் பதிப்பில் கொண்டுவந்தார்கள். இருவர் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் நிரலை அந்த மொழி தொகுக்கும்போதே தடுத்துவிடுகிறது. 2019இல் மொசில்லா ஒரு கணக்கு வெளியிட்டது. பழைய ஒப்பனை எந்திரத்தில் அதன் வாழ்நாளில் 69 பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டிருந்தன. முதலிலிருந்தே ரஸ்ட்டில் எழுதியிருந்தால் அவற்றில் 51 வந்திருக்கவே முடியாது என்றார்கள். வேகத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த இந்த இரண்டாவது பரிசுதான் பெரிது என்பது என் எண்ணம்.

அந்த ‘மேலிருந்து கீழே’ ஒழுங்குக்கு வந்த சோதனை இதுதான். பிள்ளையைப் பார்த்துத் தகப்பனுக்கு ஒப்பனை செய்ய வேண்டும் என்று பக்கம் எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். ‘உள்ளே படம் இருக்கும் பெட்டிக்கு மட்டும் கரை போடு’ என்பதுபோல. எளிய ஆசைதான். ஆனால் அது எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. பிள்ளை வந்து சேரும்வரை தகப்பன் காத்திருக்க வேண்டும். பிள்ளை மாறினால் மேலே இருப்பவர்கள் எல்லாரும் கலைவார்கள். தர வரைவில் இது இடம்பெற்றபோதும், ஒப்பனைத்தாளில் நேரடியாகப் பயன்படுத்த ஏற்றதல்ல என்று ஒரு காலத்தில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைசியில், ஒருமுறை தேடிய விடையை நினைவில் வைத்துக்கொள்வது, மாற்றம் நடந்தால் மேலே யாரை மட்டும் எழுப்புவது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது என்று வழி கண்டுபிடித்தார்கள். ‘ஹேஸ்’ என்ற பெயரில் அந்தத் தேர்வி 2022 மார்ச்சில் சஃபாரியிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் குரோமிலும், 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸிலும் வந்து சேர்ந்தது.

அந்தப் பெண் இப்போது வேறொரு நிறுவனத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை வகிக்கிறார். இந்த உரைக்காக அவரிடம் அனுமதி கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். புதிதாக வந்த ஹேஸ் தேர்வியை உங்கள் பக்கங்களில் பயன்படுத்துகிறீர்களா, அது மெதுவாக இருக்காதா என்று கேட்டேன். பழக்கதோஷம். “பழைய கைத்தொலைபேசியில் அளந்து பார்த்துவிட்டுத்தான் போட்டோம், அண்ணா. உச்சியில் போடவில்லை, சின்னப் பெட்டிக்குள்தான்” என்றார்.

நெறியாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.